வைஃபை போன டேப்லெட்டுக்கு ராஸ்பெர்ரி பை மூலம் புளூடூத்தில் நெட்: ஜோடி சேர்கிறது, ஐபி வரவில்லை

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். லினக்ஸில் பிரிட்ஜ் (இரண்டு இணைப்புகளை ஒரே நெட்டாகச் சேர்க்கும் பாலம்) போட்டுப் பழகியவர்கள் இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்பாவின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் வைஃபை போய்விட்டது. ஸ்விட்சைத் தள்ளினால் தானே அணைந்துவிடுகிறது. சிம் போட இடமில்லாத மாடல். சர்வீஸ் கடையில் போர்டு மாற்றக் கேட்ட தொகைக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் புதிதே வாங்கிவிடலாம். ஆனால் அப்பாவுக்கு இதுதான் வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்தைப் பெரிதாக்கி, எதைத் தொட்டால் எந்தப் பேப்பர் திறக்கும் என்று அவர் விரலுக்குப் பழகிய இடத்தில் ஒவ்வொன்றையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தைக் கலைக்க எனக்கு மனசில்லை.

புளூடூத் நன்றாக இருக்கிறது. தினமும் ஸ்பீக்கரோடு இணைத்துத் தேவாரம் கேட்கிறார். அதனால் வீட்டு நெட்டையே புளூடூத் வழியாகக் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

அவர் அறையில் ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினி ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது. ரவுட்டரிலிருந்து அதற்குக் கேபிள் இழுத்திருக்கிறது. ஓஎஸ் புக்வோர்ம், அதில் டோக்கருக்குள் (புரோகிராம்களைத் தனித்தனிக் கண்டெய்னரில் வைத்து ஓட்டும் மென்பொருள்) விளம்பரத் தடுப்பான் பை-ஹோல். ஒரு பக்கம் புளூடூத், மறுபக்கம் ஈதர்நெட் என்று இந்தப் பையை அக்சஸ் பாயின்ட் ஆக்குவதுதான் யோசனை. தனி சப்நெட் (தனி ஐபி வரிசை), நாட் (முகவரி மாற்றி அனுப்புவது) எல்லாம் வேண்டாம் என்று பார்க்கிறேன். டேப்லெட்டும் 192.168.1 வரிசையிலேயே ஐபி வாங்கினால்தான் ஹாலில் இருக்கும் பிரிண்டர் அதற்குத் தெரியும், பை-ஹோல் பட்டியலிலும் தனிப் பெயராக நிற்கும்.

இதுவரை செய்தது இவ்வளவு. நெட்வொர்க்மேனேஜரின் கட்டளையான என்எம்சிஎல்ஐயில் பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜ் உருவாக்கி ஈத்0-வை (ஈதர்நெட் போர்ட்) அதில் சேர்த்தாயிற்று. பைக்கு பிஆர்0 மேல் 192.168.1.5 வருகிறது. புளூஸ்-டூல்ஸ் நிறுவி, பிடி-ஏஜென்டை (ஜோடி சேர ஒப்புதல் தருவது) நோஇன்புட்-நோஅவுட்புட் முறையில் ஓடவிட்டு, பிடி-நெட்வொர்க்கை நாப் சர்வராக (நெட் கொடுக்கும் பக்கமாக) பிஆர்0-வோடு கட்டிவிட்டேன். டேப்லெட்டில் ஜோடி சேர்ந்தது. பையின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் ‘இணைய அணுகல்’ என்ற ஸ்விட்சும் வருகிறது. அதைப் போட்டதும் பையில் பிநெப்0 என்ற புளூடூத் இடைமுகம் முளைக்கிறது. ஐபி லிங்க் கொடுத்தால் அதன் மாஸ்டர் பிஆர்0 என்றே காட்டுகிறது. ஆனால் டேப்லெட் சிறிது நேரம் சுற்றிவிட்டு விட்டுவிடுகிறது. ரவுட்டரின் டிஹெச்சிபி (ஐபி வழங்கும்) பட்டியலில் அதன் பெயரே இல்லை. புளூடூத்டி (புளூடூத்தைக் கவனிக்கும் சேவை) லாகில் பிழை என்று ஒரு வரியும் இல்லை.

எங்கே தேடுவது என்று சொன்னால் போதும், மற்றதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

பழைய_சிம்பியன்:

ஓடிஜி போர்ட்டில் ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரைச் செருகினால் இந்தப் பாடு வேண்டாமே? பெரும்பாலான ஆண்ட்ராய்டில் செருகியதும் எடுத்துக்கொள்ளும், வேகமும் பல மடங்கு.

புளூடூத் வழி நெட் என்பது புதிதல்ல. பாம் கருவிகள் காலத்தில் லேன் அக்சஸ் புரொஃபைல் என்று ஒன்று இருந்தது. ஆர்எஃப்காம் மேல் பிபிபி ஓட்டுவார்கள், டயல்-அப் மாதிரியே இருக்கும். பிறகு அதன் இடத்துக்கு பான் (பர்சனல் ஏரியா நெட்வொர்க்) புரொஃபைல் வந்தது. நீங்கள் செய்வது அதுதான். ஓடும், ஆனால் வேகத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இடிஆர் (கூடுதல் வேக முறை) உள்ள புளூடூத்தில் காற்றில் 3 மெகாபிட் என்றாலும் கைக்கு வருவது உச்சமாக 2.1 மெகாபிட் அளவுதான். புளூடூத் 5 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை. அந்தக் கூடுதல் வேகம் எல்ஈ (குறைந்த மின்சக்தி) பக்கத்துக்கு. பான் ஓடுவது பழைய கிளாசிக் பக்கத்தில்.

வைகைக்கரை:

ஓடிஜி யோசனைக்கு நன்றி சார். சார்ஜ் போடுவதும் அதே போர்ட்தான், அதுவும் ஆடுகிறது. அப்பா சாய்வு நாற்காலி, திண்ணை, கட்டில் என்று இடம் மாறிக்கொண்டே படிப்பவர். வயர் கட்டிவிட்டால் டேப்லெட்டையே தொடமாட்டார்.

வேகம் பற்றிக் கவலையில்லை. இ-பேப்பர் ஒன்று 20 எம்பி இருக்கும். 1.5 மெகாபிட் கிடைத்தாலே இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

நொய்யல்_நெட்:

நீங்க எழுதியிருக்கறதுலயே பாதி பதில் இருக்குங்க. பிநெப்0 வந்துருச்சு, பிஆர்0-க்குள்ளயும் போயிருச்சுன்னா புளூடூத்தோட வேலை அங்கயே முடிஞ்சுது. இனி ஜோடியை அழிச்சு அழிச்சுப் பண்ணாதீங்க, அதுல ஒண்ணும் கிடைக்காது.

ஏன்னு சொல்றேன். பான்ல மூணு வேஷம் உண்டு. நாப் (வெளி நெட்டைக் கொடுக்கறது), ஜிஎன் (தங்களுக்குள்ள மட்டும் சேர்றது), பான்யு (வாங்கிக்கறது). உங்க பை நாப், டேப்லெட் பான்யு. ரெண்டுக்கும் நடுவுல எல்2கேப்ங்கற புளூடூத் அடுக்கு மேல பிஎன்இபிங்கற நெறிமுறை ஓடுது. அது ஈதர்நெட் ஃப்ரேமை அப்படியே, மேக் முகவரியோட தூக்கிட்டு வந்து பிநெப்0-ல கொட்டும். அதுக்கு ஐபியும் தெரியாது, டிஹெச்சிபியும் தெரியாது. பிநெப்0-ஐ ரவுட்டர்ல புதுசாச் செருகின ஒரு லேன் கேபிளா நினைச்சுக்கங்க. கேபிள்ல லைட் எரியுது, ஐபி வரலைன்னா எங்க பார்ப்பீங்களோ அங்க பாருங்க.

பார்க்க வேண்டியது டிசிபிடம்ப்ல (போற வர்ற பாக்கெட்டைக் காட்டற கருவி), டிஹெச்சிபி ஓடற யுடிபி போர்ட் 67, 68 மட்டும். மூணு டெர்மினல் திறந்து ஒண்ணுல பிநெப்0, ஒண்ணுல பிஆர்0, ஒண்ணுல ஈத்0. டேப்லெட் இணையும்போது டிஸ்கவர் (ஐபி கேட்கற முதல் பாக்கெட்) எது வரைக்கும் வருதுன்னு பாருங்க. பிநெப்0 ஒவ்வொரு தடவையும் புதுசாப் பிறக்கறதால, அது வந்த பின்னாடிதான் அதுல டம்ப் போட முடியும், கொஞ்சம் கை வேகமா இருக்கணும்.

கூடவே ‘பிரிட்ஜ் லிங்க்’ கட்டளையைக் கொடுத்து பிநெப்0 வரிசைல ஸ்டேட் என்னன்னு பாருங்க. லிஸனிங்னோ லேர்னிங்னோ இருந்தா ஆள் அதுதான். நெட்வொர்க்மேனேஜர்ல பிரிட்ஜ் உருவாக்கினா எஸ்டிபி (வளையம் உண்டாகாமத் தடுக்கற முறை) தானாவே ஆன் ஆகியிருக்கும், ஃபார்வர்ட் டிலே 15 நொடி. புதுசா ஒரு போர்ட் சேர்ந்தா 15 நொடி லிஸனிங், இன்னொரு 15 நொடி லேர்னிங். அந்த 30 நொடியும் ஒரு பாக்கெட்டைக்கூட அந்தப் பக்கம் விடாது. ஈத்0-க்கு இது பூட் ஆகும்போது ஒரு தடவை முடிஞ்சுடும், அதனால நமக்குக் கண்ணுலயே படாது. பிநெப்0-க்கு ஒவ்வொரு இணைப்புக்கும் முதல்ல இருந்து. அதுக்குள்ள டேப்லெட் டிஹெச்சிபி கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய் இணைப்பைத் துண்டிச்சுடும். மறுபடி இணையும், மறுபடி 30 நொடி.

உங்க பிரிட்ஜ்ல வளையம் உண்டாக வழியே இல்ல, அதனால எஸ்டிபியைத் தைரியமா அணைக்கலாம். என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை பிஆர்0, அதுல பிரிட்ஜ்-புள்ளி-எஸ்டிபி நோ. பிறகு கனெக்‌ஷன் அப் பிஆர்0. எஸ்எஸ்ஹெச்ல இருந்து பண்ணினா ஒரு கணம் அறுந்து திரும்ப வரும், பயப்பட வேண்டாம்.

வைகைக்கரை:

அண்ணா, ரொம்ப நன்றி. லிஸனிங் என்றுதான் இருந்தது. எஸ்டிபியை அணைத்ததும் பிநெப்0 வந்த கணத்திலேயே ஃபார்வர்டிங் காட்டுகிறது.

ஆனாலும் ஐபி வரவில்லை. டம்ப் மட்டும் மாறியிருக்கிறது. முன்னே டிஸ்கவர் பிநெப்0-வோடு நின்றது. இப்போது பிஆர்0-விலும் தெரிகிறது. ஈத்0-வில் ஒன்றுமே இல்லை.

டேப்லெட்டை விட்டுவிட்டு என் லினக்ஸ் மின்ட் லேப்டாப்பை பான்யு ஆக்கி, வைஃபையை அணைத்து, கையால் 192.168.1.50 கொடுத்துப் பார்த்தேன். பைக்கு, அதாவது 192.168.1.5-க்கு பிங் போகிறது. 30 மில்லிநொடி, 40 மில்லிநொடி என்று ஏறி இறங்குகிறது. ரவுட்டருக்கு, 192.168.1.1-க்கு, போகவே இல்லை. ஆனால் லேப்டாப்பில் ஐபி நெய் (அண்டைக் கருவிகளின் மேக் பட்டியல் காட்டும் கட்டளை) கொடுத்தால் ரவுட்டரின் மேக் முகவரி சரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது! பிங் போகாத இடத்திலிருந்து மேக் எப்படி வந்தது? இது எனக்குப் புரியவே இல்லை.

நொய்யல்_நெட்:

அருமையான சோதனைங்க, அந்தக் கடைசி வரிதான் சாவி. மேக் முகவரி வருதுன்னா ஏஆர்பி (இந்த ஐபியோட மேக் எதுன்னு கேட்கறது) கேள்வி பாலத்தைக் கடந்து போய் பதிலும் திரும்பி வந்திருக்கு. பாலம் முழுசா வேலை செய்யுது. ஏஆர்பியை விட்டுட்டு ஐபி பாக்கெட்டை மட்டும் யாரோ பிடிச்சு வைக்கறாங்க. ஏஆர்பிக்கும் ஐபிக்கும் வித்தியாசம் பார்க்கறது ஐபிடேபிள்ஸ்ங்கற ஃபயர்வால்.

பாலத்துக்குள்ள ஓடற ஃப்ரேம் ரெண்டாவது அடுக்கு, அதுல ஐபிடேபிள்ஸுக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. பிஆர்-நெட்ஃபில்டர்னு ஒரு கர்னல் மாட்யூல் இருக்கு. அது ஏறியிருந்தா, பிரிட்ஜைக் கடக்கற ஐபி பாக்கெட்டும் ஐபிடேபிள்ஸோட ஃபார்வர்ட் செயின் (கடந்து போற பாக்கெட்டுக்கான விதி வரிசை) வழியாத்தான் போகணும். டோக்கர் தன் கண்டெய்னர்களைப் பிரிச்சுக் காவல் வைக்க இதைப் பயன்படுத்துது. பாதுகாப்புக்காக ஃபார்வர்ட் செயினோட பாலிசியையும் டிராப்னு (எந்த விதியும் அனுமதிக்கலைன்னா தூக்கிப் போடு) வைக்குது. அதோட ஆவணத்துலயே இருக்கற விஷயம்தான். கண்டெய்னருக்கு அது நல்லது. உங்க பிஆர்0-க்கும் டோக்கருக்கும் சம்பந்தமே இல்ல, ஆனாலும் ஒரே கர்னல், ஒரே செயின். கேவிஎம்ல மெய்நிகர் கணினி ஓட்டறவங்க இதே இடத்துல அடிக்கடி முட்டிக்குவாங்க.

உறுதி பண்ணிக்க ரெண்டு விஷயம். ஒண்ணு, சிஸ்கண்ட்ரோல்ல நெட்-புள்ளி-பிரிட்ஜ் கீழ ‘பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்’ மதிப்பு 1-ஆன்னு பாருங்க. ரெண்டாவது, ஐபிடேபிள்ஸ்ல ஃபார்வர்ட் செயினை வி ஆப்ஷனோட பட்டியல் போட்டு, பாலிசி டிராப் பக்கத்துல இருக்கற பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்க. லேப்டாப்ல இருந்து ரவுட்டருக்குப் பிங் விட விட அந்த எண் ஏறுச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

சரி பண்ண ரெண்டு வழி உண்டு. அந்த 1-ஐ 0 ஆக்கறது ஒரு வழி, நெட்ல முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்வாங்க. நான் சொல்லமாட்டேன். கண்டெய்னர்களுக்கு நடுவுல இருக்கற தடுப்பும் சேர்ந்து போயிடலாம், டோக்கர் மறுபடி கிளம்பும்போது மதிப்பு திரும்ப 1 ஆகவும் வாய்ப்பிருக்கு. அதைவிட டோக்கர்-யூசர் செயின்ல ஒரே ஒரு விதி போடுங்க: உள்ளே வர்ற இடைமுகம் பிஆர்0, வெளியே போறதும் பிஆர்0, அக்செப்ட். நம்ம விதிகளுக்காகவே டோக்கர் ஒதுக்கி வச்சிருக்கற செயின் அது, அதோட சொந்த விதிகளுக்கு முன்னாடி ஓடும். இடைமுகமா பிநெப்0, ஈத்0 போடாதீங்க. ஐபிடேபிள்ஸுக்கு ரெண்டு பக்கமும் பிஆர்0-னுதான் தெரியும்.

ஐ ஆப்ஷனோட, அதாவது செயினோட தலைல போடணும். ஏ போட்டு வால்ல சேர்த்தா, அதுக்கு முன்னாடியே ரிட்டர்ன் விதி இருந்தா நம்ம விதி வரைக்கும் போகாது.

வைகைக்கரை:

வந்துவிட்டது! விதியைப் போட்ட உடனே லேப்டாப்பில் பிங் ஓடியது. டேப்லெட்டும் 192.168.1.23 வாங்கிக்கொண்டது. எண்ணிக்கை ஏறுவதையும் முதலில் பார்த்துவிட்டேன், அண்ணா சொன்ன மாதிரியே ஒவ்வொரு பிங்குக்கும் ஒன்று கூடியது. அப்பா இன்று காலை பேப்பரைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தார்.

இதே வேலையில் இறங்குபவர்களுக்காக, பை அணைந்து எழுந்தாலும் எல்லாம் தானாக வர நான் வைத்திருக்கும் அமைப்பை எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் மின்சாரம் போய்ப் போய் வரும், அதனால் எனக்கு இது முக்கியம்.

பிடி-நெட்வொர்க் ஒரு தடவை சொல்லிவிட்டு முடிந்துபோகிற கட்டளை அல்ல. அது உயிரோடு இருக்கும் வரைதான் புளூடூத்டி நாப் சேவையை வைத்திருக்கும். டெர்மினலை மூடினால் சேவையும் போய்விடும். ஆகவே அதற்கு ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதினேன். ஆஃப்டர் வரியில் புளூடூத் சர்வீஸும் நெட்வொர்க்மேனேஜர் சர்வீஸும். ரீஸ்டார்ட் ஆல்வேஸ். டோக்கர்-யூசர் விதிக்குத் தனியாக ஒரு ஒன்ஷாட் சர்வீஸ், அது டோக்கர் சர்வீஸுக்குப் பிறகு ஓடும்.

எட்சி கீழே புளூடூத் கோப்புறையில் மெயின்-புள்ளி-கான்ஃப் இருக்கிறது. அதில் கிளாஸ் வரியில் 0எக்ஸ்020300 கொடுத்தால் பை தன்னை நெட்வொர்க் அக்சஸ் பாயின்ட் என்று அறிவித்துக்கொள்ளும். இது இல்லாமலும் இணையும்.

இன்னொன்று. நாப் சேவை ஓடாத நேரத்தில் ஜோடி சேர்த்த கருவியில் ‘இணைய அணுகல்’ ஸ்விட்ச் வராமல் போகலாம். ஆண்ட்ராய்டு ஜோடி சேரும்போதே எதிரே என்னென்ன சேவை இருக்கிறது என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்கிறது. எனவே முதலில் பிடி-நெட்வொர்க் ஓட வேண்டும், பிறகுதான் ஜோடி.

கேட்டைப்_பூட்டு:

பாராட்டுகள். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள், அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நோஇன்புட்-நோஅவுட்புட் என்றால் எண் கேட்காது, ஒப்புதல் கேட்காது. பை கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் ஜோடி சேரலாம். நீங்கள் நாட் வைக்காமல் பிரிட்ஜ் போட்டிருப்பதால், உள்ளே வருபவர் ரவுட்டரின் அமைப்புப் பக்கம், பிரிண்டர், பை-ஹோல் எல்லாம் இருக்கும் அதே நெட்டில் நிற்பார். வைஃபைக்கு நீளமான கடவுச்சொல் வைத்துவிட்டு இந்தக் கதவைத் திறந்து வைப்பது சரியில்லை.

டேப்லெட்டும் லேப்டாப்பும் சேர்ந்தாயிற்று அல்லவா? புளூடூத்சிடிஎல் திறந்து அந்த இரண்டு முகவரிகளுக்கும் டிரஸ்ட் கொடுங்கள். அடுத்து டிஸ்கவரபிள் ஆஃப், பேரபிள் ஆஃப். பிறகு பிடி-ஏஜென்டை நிறுத்திவிடுங்கள். நம்பிக்கைப் பட்டியலில் இருக்கும் கருவி ஏஜென்ட் இல்லாமலே மறுபடி இணையும், இல்லாததை புளூடூத்டி மறுத்துவிடும். சில வழிகாட்டிகளில் மெயின் கான்ஃபில் டிஸ்கவரபிள் டைம்அவுட்டை 0 ஆக்கச் சொல்வார்கள். 0 என்றால் தெரிந்துகொண்டே இருக்கும், அணையாது. இயல்பாக இருக்கும் 180 நொடியே நல்லது. புதிதாக ஒரு கருவி சேர்க்க அதற்கு மேல் நேரம் வேண்டாம்.

வைகைக்கரை:

செய்துவிட்டேன் சார், நல்ல நேரத்தில் சொன்னீர்கள். பக்கத்து வீட்டுச் சுவர் எங்களுக்குப் பொதுச்சுவர்தான்.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருக்கிறது. அப்பா ஸ்பீக்கரில் தேவாரம் போட்டுக்கொண்டே பேப்பர் திறந்தால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

நொய்யல்_நெட்:

டேப்லெட்ல ஒரே ரேடியோ, அதுலயே ஸ்பீக்கருக்கும் அனுப்பணும், பைகிட்டயும் பேசணும். எஸ்பிசி கோடெக்ல பாட்டு நல்ல தரத்துல போனா 328 கிலோபிட் எடுத்துக்கும், நேரம் தவறாமலும் போயாகணும். பேப்பர் இறங்கும்போது பான் முழு மூச்சா இழுக்கறதால பாட்டுக்கு நேரம் கிடைக்கறதில்ல. முழுசாத் தீராது, குறைக்கலாம்.

பைல வைஃபை உங்களுக்குத் தேவையில்ல, கேபிள் இருக்கு. பூட் கீழ ஃபர்ம்வேர் கோப்புறைல கான்ஃபிக்-புள்ளி-டிஎக்ஸ்டில டிடி-ஓவர்லே வரில டிஸேபிள்-வைஃபை போட்டுடுங்க. பை 3-ல வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லு, ஒரே ஆன்டெனா, ரெண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒண்ணை அணைச்சா இன்னொண்ணுக்கு நேரம் முழுசாக் கிடைக்கும்.

அடுத்தது, பை எங்க வச்சிருக்கீங்க? இரும்பு பீரோ மேலயோ டிவிக்குப் பின்னாலயோ இருந்தா நகர்த்துங்க. கிளாஸ் 1 யுஎஸ்பி டாங்கிள் வாங்கலாம்னு தோணும், 100 மீட்டர்னு போட்டிருப்பான். பை சத்தமாப் பேசும்தான், ஆனா டேப்லெட்டோட சின்ன ஆன்டெனா திரும்பப் பேசறதும் கேட்கணுமே. சிக்னல் பலவீனமானா பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அந்த நேரமும் பாட்டுலருந்துதான் போகும். அதனால காசு செலவு பண்றதுக்கு முன்னாடி பையைத் திண்ணைப் பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க.

கம்பம்_மெட்டு:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பைக்கு லேன் கேபிள் கிடையாது, வைஃபையில்தான் இருக்கிறது. ஈத்0-க்குப் பதில் டபிள்யூலேன்0-வை பிஆர்0-வில் சேர்த்தால் போதுமா?

நொய்யல்_நெட்:

சேராதுங்க. வைஃபைல ரவுட்டரோட சேர்ந்திருக்கற கருவி தன் சொந்த மேக் முகவரியைப் போட்டு மட்டும்தான் அனுப்ப முடியும். டேப்லெட்டோட மேக்கைப் போட்டு அனுப்பினா ரவுட்டர் ஏத்துக்காது. அதனால உங்களுக்குத் தனி சப்நெட், நாட் ரெண்டும் வேணும். நெட்வொர்க்மேனேஜரே இதைச் செய்யும். புளூடூத் வகை கனெக்‌ஷன் ஒண்ணு உருவாக்கி, அதோட டைப்பை நாப்னு வச்சு, ஐபிவி4 மெத்தட் ஷேர்ட் கொடுங்க. 10.42 வரிசைல அதுவே டிஹெச்சிபி கொடுத்து நாட்டும் போட்டுக்கும், பிடி-நெட்வொர்க் தேவையில்ல. ஒரு நாப்ல ஒரே நேரத்துல 7 கருவி வரைக்கும் சேரலாம், ஆனா இருக்கற 2 மெகாபிட்டை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். வைஃபையும் புளூடூத்தும் அதே ஆன்டெனாங்கறதால வேகம் இன்னும் குறையும். படிக்க, பேச ஓடும். வீடியோவை நம்பி இறங்காதீங்க.